உன் தாத்தா பாடாத கல்யாணம்

நீ வேண்டாம் என்று சொன்னதை நேற்று செய்துவிட்டேன். நானும் உன் தாத்தாவும் அகதி முகாமுக்குப் போய், தர்ஷினியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தோம். கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் இவளுக்கு என்ன பிடிவாதம் என்று நீ பல்லைக் கடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கடி. ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கடி. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். "அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்மா" என்று குறுக்கே விழுவாய், உன் குரலைக் கேட்டால் நானும் இளகிவிடுவேன். அதனால்தான் ஓசூருக்குக் கூரியர். இதில் இருப்பது எதுவும் உனக்கும் எனக்கும் மட்டுமான ரகசியம் இல்லை. தர்ஷினி படிக்கலாம், அவள் அம்மா படிக்கலாம், நாளைக்கு உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் படிக்கலாம், கேட்கிறவர்கள் யாரானாலும் படிக்கக் கொடு. பக்கத்து வீட்டுக்குக்கூட என் வீட்டு விஷயம் தெரியக்கூடாது என்று இருப்பவள் நான். அப்படிப்பட்டவள் இதைத் திறந்த கடிதமாக எழுதுகிறேன் என்றால், மறைத்து வைக்கிற காலம் நம் குடும்பத்தில் முடிந்துவிட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம்.

உன் தாத்தா யார் என்று உனக்குத் தெரியும் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 'ரெட்டைக் குரல் ஏகாம்பரம்' என்றால் ஊத்துக்கோட்டையிலிருந்து பழவேற்காடு வரை தெரியாத ஆள் கிடையாது. ஆண் குரலிலும் பெண் குரலிலும் மாறி மாறி அவர் ஒருவரே ஜோடிப் பாட்டுப் பாடுவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மேடையில் இரண்டு பேர் நிற்பார்கள். தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை வந்தால், இந்த வருஷம் எந்தக் கம்பெனியில் ஏகாம்பரம் பாடுகிறார் என்று விசாரித்துக்கொண்டுதான் ஷிப்டு முடிந்தவர்கள் வண்டியைத் திருப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'ஏகாம்பரம் பொண்ணு'தான். பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரர். ஆரணியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் காசைக் குறைக்கச் சொன்னபோது, "இதுவரிக்கும் ஒரு குரலுக்குத்தான் பேசிக்கினு இருக்கீங்க. பொம்பள குரலும் வேணும்னா அது தனி" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லி, கேட்டதை வாங்கினார். ஆனால் முகாமில் பாடுவதற்கு மட்டும் அவர் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. இலங்கைப் போரிலிருந்து தப்பிப் படகேறி வந்தவர்கள், தகரக் கொட்டகையில் இருக்கிறவர்கள், அவர்களிடம் போய்க் காசு வாங்குவதா என்பார். ஊரே அவரைப் பெரிய மனுஷன் என்றது. இன்னொன்றும் உண்டு. யார் பேச்சையும் அப்படியே பேசிக் காட்டுகிறவர், முகாம்காரர்களின் பேச்சை மட்டும் மேடையில் பேசிக் காட்டவே மாட்டார். "அகதிங்களக் கிண்டல் பண்ற மாதிரி ஆயிடும்" என்பார். இந்த இரண்டையும் வைத்து நான் என் அப்பாவைப் பற்றி உன்னிடம் எவ்வளவு பெருமையாகப் பேசியிருக்கிறேன்!

எனக்கு விவரம் தெரிந்த வயதில் என் நைனா வீட்டில் இருந்ததில்லை. பம்பாயில் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறார் என்று அம்மா சொல்வாள். எப்போதாவது லீவில் வருவார். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கும். "பாட்டுக்காரனுக்கு இன்னாயா இப்படி கிராப்பு?" என்று தெருவில் யாராவது கேட்டால், "பம்பாய்ல இதான் ஸ்டைலு" என்பார். எல்லோரும் நம்பினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒருநாள் பெட்டியோடு வந்தார், பிறகு போகவில்லை. நம் ஊரில் முகாம் வந்த புதிது அது. முகாமில் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் பாட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், இவர் போய்ப் பாடினார். ஊர் திரும்பிய பிறகு அவர் ஏறிய முதல் மேடை அதுதான். அங்கே கிடைத்த கைதட்டலில் இருந்துதான் அவர் பெயர் கவரப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் போனது. பின்னால் வந்த எல்லா மாலைக்கும் பொன்னாடைக்கும் அஸ்திவாரம் முகாம்தான் என்று அவரே மைக்கில் சொல்வார். முகாமில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'ஏகாம்பரம் அண்ணை'. அந்த முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணை நீ ரயிலில் பார்த்துப் பழகி, கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, முதலில் சரி என்றவரும் அவர்தான்.

பூ வைக்கப் போன அன்று நடந்ததை நீ பார்த்தாய், கவனிக்கவில்லை. நீ தர்ஷினியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதில் ஒன்றும் தப்பில்லை. பையன்கள் நைனாவைச் சூழ்ந்துகொண்டு விடமாட்டேன் என்றார்கள். ஜோடிப் பாட்டு ஒன்று பாடினார். ரயில்வே அறிவிப்பைப் பேசிக் காட்டினார், சந்தையில் கருவாடு விற்கிற அம்மாவைப் பேசிக் காட்டினார். "எங்கட ஆக்களையும் ஒருக்காச் செய்யுங்கோ அண்ணை, நீங்கள் இப்ப எங்கட சம்பந்தி எல்லோ" என்று ஒருவன் கத்தினான். பேரனுக்குப் பூ வைத்த சந்தோஷம், சுற்றிலும் சிரிப்பு, 'சம்பந்தி' என்ற அந்த ஒரு வார்த்தை. முப்பது வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்ததை அவர் ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டார். வலது கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்தார். லேசாக மூக்கால் ஒரு ராகம் இழுத்தார். பிறகு அவர் வாயிலிருந்து ஒரு விடலைப் பையன் பேசினான். "அல்லோ, அல்லோ, விளங்குதோ? எங்களுக்குச் சாப்பாடு வரேல்ல. உங்கட பக்கம் வந்திட்டுதோ?" கூட்டம் வெடித்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசும்போது கட்டைவிரல் எதையோ அழுத்திப் பிடித்திருந்தது. பேசி முடித்ததும் விட்டது. இன்னொருத்தியும் சிரிக்கவில்லை. தர்ஷினியின் அம்மா, யோகம் அக்கா, பலகாரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணை, உந்தக் குரலை எங்க கேட்டனீங்கள்?" என்றார்.

"அதுவா? பம்பாயில ஒரு சினேகிதன் இருந்தான்மா. உங்க ஊர்ப் பையன்."

"ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு யோகம் அக்கா உள்ளே போனார். அன்று முழுக்க அவர் நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் நைனா வாசலில் உட்கார்ந்து மேடைக்குப் போடுகிற ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"நைனா, பம்பாயில யாரு அந்த சினேகிதன்?"

"இன்னாடி காலங்காத்தால பேஜாரு பண்ற? நாஷ்டா ஆச்சா?"

"பேரச் சொல்லு. எழுந்து போயிடறேன்."

பிரஷ் நின்றது. "பேரு தெரியாதும்மா" என்றார். "குரல் மட்டுந்தான் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை அன்றைக்கே உனக்குப் போனில் சொன்னேன். பாதியிலேயே நீ பதறிவிட்டாய், அதனால் இப்போது முழுதாக எழுதுகிறேன். பம்பாய்க்குப் போனது உண்மை. போன கொஞ்ச நாளில் அந்த ஆர்கெஸ்ட்ரா கலைந்துவிட்டது. பாடகன் ஆகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனவருக்கு வெறுங்கையோடு திரும்பக் கூச்சம். அங்கேயே ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டார். வயர்லெஸ் பிரிவு; பேசும்போது பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கிற கருவி. அம்மாவிடம் மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு ஆர்கெஸ்ட்ரா கதையே ஓடட்டும் என்று விட்டார். அந்தப் பொய் வெறும் கௌரவத்துக்காகச் சொன்னது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. சில வருஷம் கழித்து நம் ராணுவம் இலங்கைக்குப் போனது. தமிழ் தெரிந்த காதுகள் தேவைப்பட்டன. இவருக்கு இருக்கிற காதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இயக்கத்துப் பையன்கள் தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டு எழுதிக்கொடுப்பதுதான் வேலை. அதை வெளியே சொல்லக் கூடாது என்பது உத்தரவு.

"மத்தவனுக்கெல்லாம் கொரகொரன்னு இரைச்சலாத்தான் கேக்கும்" என்றார் நைனா. "எனுக்கு ஆளு தெரிஞ்சிடும். மூச்சு வுடறத வெச்சே சொல்லுவேன், நேத்து கெழக்கால இருந்து பேசுனவன் இன்னிக்கு தெக்கால போய்ட்டான்னு. எழுதிக் குடுத்துடுவேன். அத்தோட என் வேல முடிஞ்சிது."

"எழுதிக் குடுத்தது எங்க போச்சி?"

"மேல போச்சி. அங்கேர்ந்து எங்க போச்சின்னு கேக்கக் கூடாது. நானும் கேக்கல."

"அந்தப் பையன்?"

"அவன் பேசறதுக்கு முன்னாடி மூக்கால லேசா பாடுவான், காத்து சரியா வருதான்னு பாக்கற மாதிரி. டெய்லி சாப்பாடு வந்துச்சான்னு கேப்பான். அவன் கேக்கறப்போ எனுக்கும் பசிக்கும். ஒருநாள் வரல. சரி, வேற எடத்துக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். மறுநாளும் வரல. அதுக்கப்புறம் வரவே இல்ல." ஷூவை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதிக் குடுத்ததாலயா, இல்ல அவனே எங்கனா போய்ட்டானா, தெரியாது. சத்தியமா தெரியாதும்மா."

கொஞ்ச நாளில் அவர் விலகல் கேட்டு எழுதிக்கொடுத்து வெளியே வந்துவிட்டார். பென்ஷனுக்கு வேண்டிய வருஷம் முடியவில்லை. முன்னாள் ராணுவத்தினர் என்று கேட்டு வாங்க எவ்வளவோ இருந்தும் எதையும் கேட்கவில்லை; கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். திரும்பி வந்தால், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் முகாம். அந்தப் பேச்சு, அந்த 'ஓம்', அந்த 'விளங்குதோ' தெருவில் நடமாடுகிறது. பயந்துபோய்த்தான் முதல் முறை பாடப் போனதாகச் சொன்னார். பாடவில்லை என்றால் யாராவது ஏன் என்று கேட்பார்களாம்.

போர்க்காலத்தில் ரகசியமாக உளவு வேலை பார்த்த நடிகைகள், பாடகர்கள், பந்தாட்டக்காரர்கள், சமையல் நிபுணர்கள் பற்றிய புத்தகங்கள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பொன்னேரி நூலகத்தில் அந்த வகையில் நான் படிக்காதது இருக்காது. நீ சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தபோதெல்லாம் அந்தக் கதைகளைத்தான் சொல்லி ஊட்டினேன். ஊரே பார்த்துக் கைதட்டுகிற ஒருத்தி, ஒருவருக்கும் தெரியாமல் எதிரியின் ரகசியத்தைப் பாட்டுத் தாளுக்குள் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோனாள் என்றால் உன் வாய் தானாகத் திறக்கும். "அவங்களுக்கு மெடல் குடுத்தாங்களாம்மா?" என்று கேட்பாய். குடுத்தாங்க என்பேன். எல்லாப் புத்தகமும் அங்கேதான் முடியும். புகழும் ரகசியமும் ஒரே ஆளிடம் இருந்தால் அது எவ்வளவு அழகு என்று நானும் சொக்கிப்போயிருந்தேன். அந்த மாதிரி ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒட்டுக் கேட்கப்பட்ட ஊரிலிருந்து பிழைத்து வந்த ஒருத்தி, ஒட்டுக் கேட்டவரின் பேரனுக்குப் பெண் கொடுக்க நேர்ந்ததாக அந்தப் புத்தகங்களில் ஓர் அத்தியாயம்கூட இல்லை. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா ராணுவத்தில் இருந்ததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அனுப்பிய இடத்துக்குப் போனார், கொடுத்த வேலையைச் செய்தார். அவரோடு போன எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அவர்களுக்கும் ஒரு வீடும் அதில் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர் வீரரா துரோகியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை; தகுதி இருக்கிறவர் யார் என்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று முடிவு செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டு சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அது அவர் பாடு. தெரியாமல் அவர் சொல்கிற சரியை வைத்துக்கொண்டு நான் மேடையில் பட்டுப்புடவை கட்டி நிற்க முடியாது.

அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "அம்மா, தாத்தாவுக்கு வயசாயிடுச்சி. இப்போ தோண்டி எடுத்து யாருக்கு இன்னா யூஸ்? கல்யாணம் முடியட்டும். அப்புறம் தர்ஷினிகிட்ட நானே மெதுவா சொல்லிக்கிறேன்." அன்பினால்தான் சொன்னாய், தெரியும். அவளை இழந்துவிடுவோமோ என்ற பயம் உன் குரலில் இருந்தது. உனக்காக நானும் சில நாள் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த 'அப்புறம்' எப்படி வளரும் என்று என் கண்ணெதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். ஆர்கெஸ்ட்ராவில் பெயர் வாங்கிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்றார். ராணுவத்தை விட்டு வந்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்றார். முகாம் ஜனங்கள் பழகட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார். பழகப் பழகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. பிடிக்காதவர்களிடம் உண்மை சொல்வது சுலபம், கண்ணா. நேசிக்கிறவர்களிடம் சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் விலை ஏறும். கல்யாணம் முடிந்த மறுநாள் உன் 'அப்புறம்' இன்னும் பெரியதாகிவிடும். குழந்தை பிறந்தால் இன்னும் பெரியது. ஒருநாள் யாராவது நைனாவின் கட்டைவிரலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு தர்ஷினி தாத்தாவைப் பற்றி உன்னிடம் கேட்க மாட்டாள். "உனக்கு எப்போதிருந்து தெரியும்?" என்றுதான் கேட்பாள்.

உன் அம்மாவே எதையும் யாரிடமும் சொல்லாதவள்தானே என்று நீ கேட்கலாம். ஆமாம். கம்பெனியில் என்னோடு ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவளுக்கு நான் என்ன படிக்கிறேன் என்று தெரியாது. உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் நான் அழுத நாள்கள் உண்டு. அவை என்னுடையவை. என்னுடையதை நான் வைத்துக்கொள்ளலாம். இது என்னுடையது இல்லை. யோகம் அக்காவுக்கும் தர்ஷினிக்கும் சேர வேண்டியது நம் கையில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டிருப்பது பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எதை மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீ அதிகம் பேசாத பிள்ளை, என்னைப் போல. அதனால் உனக்கு இதைச் சொல்லி வைப்பது என் கடமை.

வீட்டில் சண்டை நடந்தது. உன் அப்பா, "உங்கப்பன் பாடுனா கூட்டம் நிக்கும். வாயத் தொறந்து பேசுனா கல்யாணமே நிக்கும். வுடுமே" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை. நைனாதான் மிகவும் கெஞ்சினார். "அந்த ஜனங்க என்ன அண்ணைன்னு கூப்புடுறாங்கம்மா. அத்தப் புடுங்கிக்காத" என்றார். ஊரெல்லாம் கொண்டாடுகிற மனிதர் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்க்க எனக்கு நன்றாகவா இருந்தது? "நீ வந்து சொன்னா நீ சொன்னதா இருக்கும். நான் போய்ச் சொன்னா காட்டிக் குடுத்ததா இருக்கும். ஞாயித்துக்கெழம காலைல நான் கெளம்பறேன், நைனா. கூட வர்றதா இல்லியான்னு நீயே முடிவு பண்ணு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பு மாட்டும்போது அவர் வாசலில் தயாராக நின்றார். மேடைக்குப் போடுகிற பளபளப்பு எதுவும் இல்லை. சாதாரண அரைக்கைச் சட்டை, வேட்டி.

யோகம் அக்கா கடைகளுக்குக் கொடுக்கிற இடியாப்பத்தைப் பிழிந்து முடித்துவிட்டு, தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். "வாங்கோ தங்கச்சி, வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார். தர்ஷினி கடைக்குப் போயிருந்தாள். நைனா உட்காரவில்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்திக்கொண்டு, நேராக நின்று சொன்னார். பம்பாய் பொய் என்றார். எந்த வருஷங்களில் எந்தப் படையோடு அங்கே இருந்தார், என்ன வேலை செய்தார் என்று சொன்னார். எதையும் இனிப்பாக்கவில்லை, எதற்கும் காரணம் சொல்லவில்லை. என் அப்பா எனக்குப் பாடிக் காட்டிய எந்தப் பாட்டையும்விட அந்தப் பேச்சை நான் பெரிதாக நினைக்கிறேன்.

யோகம் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பிறகும். "அண்டைக்கே விளங்கிச்சுது" என்றார். "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க எங்கட பின் வளவுக்க நிண்டு இயக்கப் பெடியள் வயர்லெஸ் செற்றில உப்பிடித்தான் கதைப்பாங்கள். பக்கத்தில நிண்டு கேட்டவைக்குத்தான் உது தெரியும். இல்லையெண்டா களவாக் கேட்டவைக்குத் தெரியும்."

நைனா தலையை ஆட்டினார்.

"மன்னாரில என்ர அண்ணன் அந்த நாளிலதான் போனவர். அவர் செற்றில கதைக்கிற ஆள் இல்லை. கடலுக்குப் போனவர், வரேல்ல. நீங்கள் கேட்டது என்ர அண்ணனை இல்லை. ஆரோ ஒருத்தியின்ர பிள்ளை." முந்தானையை விட்டுவிட்டுக் கேட்டார். "எங்களிட்டக் காசு வாங்காமப் பாடினனீங்கள். உதுக்காகவோ?"

"மொதல்ல பயந்துக்கினுதான்மா பாடுனேன்" என்றார் நைனா. "அப்புறம் உங்க ஜனங்களுக்குப் பாடறது புடிச்சிப்போச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"பாவத்தைக் கழுவ எண்டு சொல்லியிருந்தியள் எண்டால், எழும்பிப் போங்கோ எண்டிருப்பன்." அப்போதுதான் அவர் நைனாவின் முகத்தை நேராகப் பார்த்தார். "கலியாணம் பிள்ளையளின்ர அலுவல். நான் மறிக்க மாட்டன். என்ர பிள்ளைக்கு நான் சொல்லுறன், முடிவு அவளின்ர. ஆனா எனக்கு ஒண்டு இருக்குது. கலியாணத்தண்டைக்கு நீங்கள் பாட வேண்டாம். வாங்கோ, இருங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ. பாட மட்டும் வேண்டாம். என்னால அந்தக் குரலை அண்டைக்குக் கேக்க ஏலாது."

இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் பாடாத கல்யாணம் குறைவு. உன் கல்யாணத்தில் பாடுவதற்கு ஆறு மாதமாகப் பாட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார், உனக்கே தெரியும். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது முகாம் வாசலில் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணை, கலியாணத்தில முதல் பாட்டு என்ன?" என்றார்கள். "தொண்ட கட்டிக்கினு..." என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். நிறுத்தினார். "பாடலடா. யோகம் வேணாம்னு சொல்லிட்டாங்க. அவங்க சொல்றதுல ஞாயம் இருக்குது" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைக்கச் சொன்னார், குளித்தார், நன்றாகச் சாப்பிட்டார், பகலிலேயே தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

நாங்கள் கிளம்பும்போது யோகம் அக்கா என்னிடம் கேட்ட கேள்வியைக் கடைசியில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். படி வரைக்கும் வந்து, நைனா முன்னால் போகட்டும் என்று நின்று, மெதுவாகக் கேட்டார். "தம்பிக்கு உது தெரியுமோ?"

உன்னைத்தான் கேட்டார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உனக்கு எல்லாம் சுலபமாகியிருக்கும். என் நாக்கு நுனி வரை வந்தது, உன் அம்மா இல்லையா நான். ஒரு பொய்யை எடுத்துப் போட்டுவிட்டு அதே படியில் இன்னொன்றை வைத்துவிட்டு வரவா அவ்வளவு தூரம் போனேன்? தெரியும் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை, அது உன்னுடையது. "அவனே வந்து சொல்லுவான்க்கா" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "அப்ப வரட்டும். அதுவரைக்கும் பிள்ளைக்குப் போன் எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நேரில வந்து கதைக்கட்டும்" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தர்ஷினிக்கு இன்னும் புரிந்திருக்காது. தாத்தாவைப் பற்றி அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். உனக்கு இத்தனை நாளாகத் தெரியும் என்பது தெரியாது.

வியாழக்கிழமை வருகிறாய். ரயிலில் இறங்கியதும் நம் வீட்டுக்கு வராதே. பையைத் தூக்கிக்கொண்டு நேரே முகாமுக்குப் போ. உன் தாத்தா மாதிரி நின்று சொல்ல வேண்டும் என்று இல்லை, உட்கார்ந்தே சொல். பூ வைத்த மறுநாளே உனக்குத் தெரியும் என்று சொல். மறைக்கச் சொன்னது நீதான் என்று சொல். பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லலாம், ஏனென்றால் அது உண்மை. என் மேல் பழி போட்டுத் தப்பிக்காதே. அவள் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். வேண்டாம் என்றுவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டு எழுந்து வா. மண்டபத்தையும் சொந்தக்காரர்களையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். சரி என்றால், அந்தச் சரிதான் நீ ஆயுசுக்கும் நம்பலாம். இரண்டில் எது நடந்தாலும் பேசி முடித்த பிறகு வீட்டுக்கு வா. எவ்வளவு நேரம் ஆனாலும் சாப்பிடாமல் காத்திருப்பேன்.